கேட்டாலே மாறும்: பெங்களூரின் தமிழ் வீடுகளுக்கு உடல்நலக் கேள்வித்தாள் கொண்டுபோகிறவர்களுக்கு

ஸ்ரீராம்புரத்தில் ஒரு வீட்டு வாசல். வீடு வீடாக வரும் அரசுச் சுகாதாரப் பணியாளரான ஆஷாவின் கையில் சிபேக் படிவம். முப்பது வயது தாண்டியவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய் வரும் வாய்ப்பு எப்படி என்று கணிக்கும் அரசுப் படிவம் அது. அதில் ஒரு கேள்வி: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடலுழைப்பு உண்டா? பக்கத்திலேயே விளக்கம்: தினம் 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். வீட்டுக்கார அம்மா கொஞ்சம் யோசிக்கிறார். "மார்க்கெட்டுக்கு நடந்துதான் போறேன்... ம், அரை மணி வரும், எழுதிக்கோம்மா."

இந்த ஒரு கேள்வியில் மூன்று காரியங்கள் நடந்துவிட்டன. எவ்வளவு நடந்தால் போதும் என்ற பாடம் அவருக்குக் கிடைத்தது. எது நல்ல பதில் என்பதும் தெரிந்துபோனது. இனி மார்க்கெட்டுக்கு ஆட்டோ ஏறும்போதெல்லாம் ஒரு சின்ன உறுத்தல் வரும். படிவத்தில் ஏறியதோ ஒரு எண் மட்டும்.

கேள்வி கேட்பதே ஒரு சின்ன வைத்தியம். அதற்கும் அளவு உண்டு, பக்கவிளைவு உண்டு. ஆஷா பணியாளர்கள், 'நம்ம கிளினிக்' என்னும் அரசு மருத்துவமனைகளின் நர்ஸுகள், தொண்டர்கள், ஆய்வுக்காக வீடு வீடாக ஏறி இறங்கும் மாணவர்கள் எல்லோருக்கும் இந்தக் குறிப்புகள் உதவும். அதிலும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அச்சான தாளை வைத்துக்கொண்டு தமிழில் கேட்கிறவர்களுக்குக் கட்டாயம்.

எவ்வளவு மாறும்?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 4,672 ரத்ததானக்காரர்களை வைத்து நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு ரத்ததானம் பற்றிய கேள்வித்தாள் போனது, மற்றவர்களுக்குப் போகவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், கேள்வித்தாள் போனவர்கள் முகாமில் பதிவு செய்தது 8.6 சதவீதம் அதிகம். ஓராண்டு முடிவிலும் 6.4 சதவீதம் அதிகமாகவே இருந்தது. யாரும் பிரசாரம் செய்யவில்லை, கேள்விதான் போனது. குடிப்பழக்க ஆய்வுகளிலும் இதே போக்கு உண்டு: ஆலோசனை எதுவும் தராமல் எவ்வளவு குடிக்கிறாய் என்று விவரமாகக் கேட்டாலே குடி கொஞ்சம் குறைகிறது. கொஞ்சம்தான், ஆனால் குறைகிறது.

எதிர்த்திசையிலும் போகும். போதைப்பொருள் எடுப்பாயா என்று கேட்கப்பட்ட கல்லூரி மாணவர்கள் பிறகு அதிகமாக எடுத்ததாகச் சொன்ன ஆய்வு 2006இல் வந்தது. உடற்பயிற்சி செய்வாயா என்று கேட்டவர்களிடம் உடற்பயிற்சி கூடியதும் அதே ஆய்வில்தான். கேள்விக்கு நல்லது கெட்டது தெரியாது, எதைத் தொட்டதோ அதைக் கிளப்பிவிடும்.

இவற்றையெல்லாம்விட வேலைக்கு உதவும் ஆய்வு 2006இல் அமெரிக்காவில் வந்தது. புராஸ்டேட் வீக்கமுள்ள 214 ஆண்கள். ஒரு மாதம் அவர்கள் சாப்பிட்டது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. மாத முடிவில் மூன்று குழுவாகப் பிரித்து மூன்று விதமாகக் கேட்டார்கள். 'ஏதாவது தொந்தரவு இருந்ததா' என்று பொதுவாகக் கேட்ட குழுவில் 14 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். எப்படிப்பட்ட தொந்தரவு என்று விளக்கிக் கேட்ட குழுவில் 13 சதவீதம். அறிகுறிகளைப் பட்டியல் போட்டு டிக் அடிக்கச் சொன்ன குழுவில் 77 சதவீதம். மாத்திரை ஒன்று, ஆட்கள் ஒரே மாதிரி, தாள்தான் வேறு. சிபேக் படிவத்தில் வரிசையாக வரும் இருமல், மூச்சுத்திணறல், வாய்ப்புண், கட்டி, உதிரப்போக்குக் கேள்விகளைப் படிக்கும்போது இந்த 14ஐயும் 77ஐயும் மறக்காதீர்கள்.

பட்டியலுக்கு முன் ஒரு திறந்த கேள்வி

பட்டியலைத் தூக்கி எறியவும் முடியாது. மார்பில் கட்டி இருப்பதை வெட்கத்தால் சொல்லாத பெண்கள் பட்டியலில்தான் பிடிபடுகிறார்கள். செய்ய வேண்டியது இதுதான்: பட்டியலைத் திறப்பதற்கு முன், "உடம்புக்கு இப்போ என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலான கேள்வியாளர்கள் மூன்று எண்ணுவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். நோயாளி தானாகச் சொன்னதற்குப் பக்கத்தில் 'தா' என்று எழுதுங்கள். பிறகு பட்டியலைப் படித்து, அதில் ஆம் என்றதற்கு 'கே' என்று எழுதுங்கள், கேட்டபின் வந்தது என்று பொருள்.

'கே' விழுந்த ஒவ்வொன்றுக்கும் மூன்று துணைக்கேள்விகள்: எப்போது ஆரம்பித்தது? இதனால் ஏதாவது வேலை நின்றதா? இதற்காக மருந்துக்கடையில் ஏதாவது வாங்கினீர்களா? மூன்றுக்கும் விடை இல்லையென்றால் அது பெரும்பாலும் பட்டியல் எழுப்பிய நினைவு. ஆனால் சளியில் ரத்தம், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்றபின் உதிரம், ஆறாத வாய்ப்புண் ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. 'தா'வோ 'கே'யோ, மருத்துவரிடம் அனுப்பியே ஆக வேண்டும்.

பட்டியல் முடிந்தபின் நோயாளி மனதில் பயம் தங்கும். இத்தனை கேட்டாரே, நமக்கு இருக்குமோ என்று ராத்திரி முழுக்கக் கழுத்தையும் மார்பையும் தடவிப் பார்ப்பவர்கள் உண்டு. "இது முப்பது தாண்டின எல்லார்கிட்டயும் கேக்கற கேள்விங்கம்மா, உங்களுக்கு இருக்குன்னு நெனச்சுக் கேக்கல" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் சமாதானம் சொல்வதுபோல ஆகிவிடும், சமாதானம் சொன்னாலே பயம் கூடும்.

வாய்மொழி மொழிபெயர்ப்பு என்ற பொறி

அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். தாள் கன்னடத்தில் இருக்கிறது, கேட்கிறவர் நின்ற இடத்தில் தமிழாக்குகிறார். ஐந்தாவது வீட்டில் அவர் கேட்கும் கேள்வி முதல் வீட்டில் கேட்டது இல்லை. களைப்பு வந்துவிட்டால் ஒரு 'இல்லையே' ஒட்டிக்கொள்ளும்: "தூக்கம் எல்லாம் பிரச்சினை இல்லையே?" "பீடி கீடி இல்லையேண்ணா?" இந்த வாலைக் கேட்ட நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர், வந்தவரைச் சங்கடப்படுத்த வேண்டாமே என்று "இல்லம்மா" என்பார்கள். மரியாதைக்குச் சொன்ன பொய் அது, நோயாளி மேல் தப்பில்லை. 'கீடி' என்ற இழுப்பு இன்னும் மோசம், பீடி பிடிப்பது கேவலம் என்று கேள்வியே சொல்லிவிடுகிறது.

தமிழ் வாக்கியங்களை முன்கூட்டியே எழுதி அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். தாளில் இல்லாத ஒரு சொல்லையும் சேர்க்கக் கூடாது. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாளான பிஎச்க்யூ-9 போன்றவற்றுக்குத் தமிழ் வடிவம் ஏற்கெனவே உண்டு, அதையே எடுங்கள். இல்லாத தாள் என்றால் இருவர் தனித்தனியாக மொழிபெயர்த்து ஒப்பிட வேண்டும். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப மூலமொழிக்கு மாற்ற வேண்டும். பிறகு ஐந்தாறு பேரிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, "இதுல நான் என்ன கேக்கறேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். பொறிகள் தானாக வெளியே வரும்.

பெங்களூர்த் தமிழுக்கே உரிய சில பொறிகள்:

களைப்பு என்றால் அல்சூரில் சிலருக்குப் பட்டென்று விளங்காது, 'சுஸ்து' என்றால் விளங்கும், கன்னடம் தந்த சொல். அதே இடத்தில் 'பலவீனம்' என்றோ 'நரம்புத் தளர்ச்சி' என்றோ போட்டால் ஆண்கள் சட்டென்று இல்லை என்பார்கள். அந்தச் சொற்களைச் சுவர் விளம்பரங்கள் வேறு பொருளில் கெடுத்து வைத்திருக்கின்றன.

'பேஜார்' இன்னும் வம்பானது. சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவருக்கு அது தொல்லை. பெங்களூரிலேயே பிறந்து கன்னடத்தோடு வளர்ந்தவருக்கு மனவருத்தம், சலிப்பு. "ரொம்ப பேஜாரா இருக்கு" என்ற பதிலை அப்படியே எழுதாமல், "பேஜார்னா எப்படிங்க, அழுகை வர்ற மாதிரியா, எரிச்சலா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

தாளின் தலைப்பையும் கவனியுங்கள். 'மனச்சோர்வுப் பரிசோதனை' என்று மேலே அச்சடித்திருந்தால் முதல் கேள்விக்கு முன்பே நோயாளி தன்னைத் தற்காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார். தலைப்பை மடித்துவிடுங்கள். "போன ரெண்டு வாரம் எப்படி இருந்தீங்கன்னு ஒன்பது கேள்வி" என்பது போதுமான, உண்மையான அறிமுகம்.

இரண்டு வாரம் என்பதும் காற்றில் தொங்கும் அளவு. அமாவாசையோ பௌர்ணமியோ பக்கத்தில் இருந்தால் அதற்கு முந்தையதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாள் என்றால்: "போன அமாவாசையிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும்." நாள்கணக்கு ஏறக்குறைய சரியாக வரும், பெரியவர்களுக்கு அது காலண்டரைவிடத் தெளிவு. முறை வைத்துக் கூப்பிடுவதிலும் கவனம் வேண்டும். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணைப் 'பாட்டி' என்று கூப்பிட்டுவிட்டு உடம்பு எப்படி என்று கேட்டால் முட்டி வலிதான் முதலில் வரும். அக்கா, அம்மா போதும்.

விடைகளே பாடம் நடத்தும்

1985இல் ஜெர்மனியில் தினமும் எவ்வளவு நேரம் டிவி பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு தாளில் விடைகள் அரை மணியில் தொடங்கி 'இரண்டரை மணிக்கு மேல்' என்று முடிந்தன. இன்னொன்றில் 'இரண்டரை மணி வரை' என்பதே முதல் விடை. முதல் தாளில் இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.2 சதவீதம், இரண்டாவதில் 37.5 சதவீதம். நடுவில் இருப்பதுதான் ஊர் வழக்கம் என்று ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைக் குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் தாளில் நேரில் பார்க்கலாம். குடிக்கிற நாளில் எத்தனை டிரிங்க் என்பதற்கான விடைகள்: 1–2, 3–4, 5–6, 7–9, 10 அல்லது அதற்கு மேல். ஒரு டிரிங்க் என்பது 10 கிராம் ஆல்கஹால். நம் ஊர் விஸ்கி, பிராந்தி 42.8 சதவீதம் என்பதால் 30 மில்லி ஏறக்குறைய ஒரு டிரிங்க். ஒரு நைன்ட்டி என்றால் மூன்று, ஒரு குவார்ட்டர் என்றால் ஆறு. 650 மில்லி பீர் பாட்டில் சாதாரணம் என்றால் இரண்டரை, 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் நான்கு. தினம் ஒரு குவார்ட்டர் அடிக்கிறவர் இந்த வரிசையில் சரியாக நடுவில் விழுகிறார். விடைகளை வாசித்துக் காட்டினால் அவர் காதில் விழுவது: 'பரவாயில்ல, நம்ம நடுவுலதான் இருக்கோம், பத்துக்கு மேலயும் ஆளுங்க இருக்காங்க.' நீங்களே அவருக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி.

அதனால் இந்தக் கேள்விக்கு விடைகளைப் படிக்காதீர்கள். "குடிக்கிற நாள்ல என்ன வாங்குவீங்கண்ணா? நைன்ட்டியா, குவார்ட்டரா, பீரா? எத்தனை?" என்று அவர் மொழியில் கேட்டு, கணக்கை நீங்கள் போட்டு, உரிய கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். "குடிப்பீங்களா?" என்று தொடங்கினால் பாதிப் பேர் அங்கேயே கதவைச் சாத்துவார்கள். "இனிமே எவ்வளவு குடிப்பீங்க?" என்று மட்டும் ஒருநாளும் கேட்காதீர்கள், மேலே சொன்ன மாணவர் ஆய்வு நினைவிருக்கட்டும்.

மதிப்பெண் விஷயமும் இப்படித்தான். சிபேக்கில் 4க்கு மேல் வந்தால் ஆபத்து கொஞ்சம் கூடுதல், பரிசோதனைக்கு முதலில் அழைக்க வேண்டியவர் என்று அர்த்தம். "ஆறு மார்க் வந்திருக்கு" என்றால் வீட்டுக்குள்ளிருந்து பேத்தி கைதட்டுவாள், பள்ளிக்கூட மார்க் என்று நினைத்து. எண்ணைச் சொல்லாதீர்கள், என்றைக்கு எங்கே வர வேண்டும் என்று சொல்லுங்கள்.

யார் காதில் விழுகிறது

ஒற்றை அறை வீடு, மாமியார் கட்டிலில், மருமகள் அடுப்படியில். புகையிலை, குடி, மாதவிடாய், மனவருத்தம் எதையும் அங்கே சத்தமாகக் கேட்டால் கிடைப்பது குடும்பத்தின் பதில், நோயாளியின் பதில் இல்லை. அதோடு, ஒருமுறை எல்லோர் முன்னாலும் 'இல்லை' என்று சொன்னவர் அடுத்தமுறை டாக்டரிடமும் இல்லை என்றே சொல்வார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டுமே!

விடைகளைப் பெரிய எழுத்தில் எண்ணிட்டு ஓர் அட்டையில் ஒட்டுங்கள். பிஎச்க்யூ-9க்கு இப்படி: 0 இல்லவே இல்லை, 1 சில நாள், 2 பாதி நாளுக்கு மேல், 3 கிட்டத்தட்ட தினமும். கேள்வித்தாளை நோயாளியின் கையில் கொடுத்து, அட்டையில் எண்ணைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர் என்றால் வாசலுக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டு போய்க் கேட்பதைத் தவிர வழியில்லை. வீட்டுக்காரர்களை அனுப்புவதைவிட நோயாளியை வெளியே கூட்டி வருவது எளிது.

பிரஷர் பார்ப்பது எப்போது

கேள்விகள் முதலில், அளவுகள் பிறகு, முடிவு சொல்வது கடைசியில். மாற்றினால் கெடும். கனடாவில் எஃகு ஆலைத் தொழிலாளர்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதாகச் சொன்னபிறகு, அவர்கள் உடம்பு சரியில்லை என்று எடுத்த விடுப்பு சராசரியாக ஆண்டுக்கு 5 நாளுக்குச் சற்று மேல் கூடியது என்று 1978இல் ஓர் ஆய்வு காட்டியது. நோய் அதேதான், பெயர் சூட்டியதுதான் புதிது. 'பிபி இருக்கு' என்று சொல்லிவிட்டு, தலைவலி உண்டா, தூக்கம் எப்படி என்று கேட்டால் பதில் அந்தப் பெயருக்கு ஏற்றபடி வரும்.

கேள்வி முடிந்த உடனேயும் அளக்காதீர்கள். குடி, கடன், பிள்ளை என்று பேசிய படபடப்பு எண்ணில் ஏறும். ஐந்து நிமிடம் பேச்சில்லாமல், முதுகு சாய்ந்து, கால் தரையில் படிய உட்கார வையுங்கள். கடைசி அரை மணியில் காப்பி, பீடி இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்துபாருங்கள். கையில் பட்டையைச் சுற்றிவிட்டு, நேரம் மிச்சமாகுமே என்று மீதிக் கேள்விகளைக் கேட்பது பரவலான தவறு. பேசினாலே அழுத்தம் ஏறும்.

ஒன்பதாவது கேள்வி

பிஎச்க்யூ-9இன் கடைசிக் கேள்வி, செத்துவிடலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. இதைக் கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுவோம் என்று பயந்து பலர் தாண்டிப்போகிறார்கள், தாங்களே '0' போட்டுவிடுகிறார்கள். இதுவரை சொன்னதையெல்லாம் படித்தவருக்கு அந்தப் பயம் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இந்த இடத்தில் சான்று வேறுபக்கம் நிற்கிறது. நியூயார்க் மாநிலப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மனக்கலக்கமோ அந்த எண்ணமோ கூடவில்லை. கேள்வியை வார்த்தை மாற்றாமல், குரலைத் தாழ்த்தாமல் கேளுங்கள்.

0 தவிர வேறு எந்த எண் வந்தாலும் மொத்தக் கூட்டலுக்காகக் காத்திருக்காதீர்கள். எண்ணம் மட்டுமா, வழியும் யோசித்தாரா, அந்தப் பொருள் வீட்டில் இருக்கிறதா, எப்போது என்று நினைத்தாரா என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். வழி யோசித்திருந்தால் தனியே விட்டுவிட்டு வரக் கூடாது. வீட்டில் அவர் நம்பும் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸில் மனநல அவசரப் பிரிவு நாள் முழுதும் இயங்குகிறது. டெலி மானஸ் என்னும் அரசு மனநலத் தொலைபேசி உதவி எண் 14416, எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இந்த ஏற்பாடு கையில் இல்லாத நாளில் பிஎச்க்யூ-9ஐ எடுக்கவே எடுக்காதீர்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் எழுந்து போவதுதான் புண்படுத்துவது.

இரண்டாம் சுற்று

ஒரே தாளை மறுபடி கொண்டுபோனால், சிகிச்சையே இல்லாவிட்டாலும் மதிப்பெண் கொஞ்சம் இறங்குவது வழக்கம். மோசமான நேரத்தில் பிடிபட்டவர் இயல்பாகத் தேறுவது ஒரு காரணம், கேள்விகள் பழகிப்போவது இன்னொன்று. பிஎச்க்யூ-9இல் 11 என்பது 9 ஆனால் சந்தோஷப்படாதீர்கள், 5 புள்ளியாவது இறங்கினால்தான் கணக்கில் எடுக்கலாம். இரண்டு வாரத்துக்குள் திரும்பக் கேட்டால் ஒரே நாள்களை இருமுறை எண்ணுவதாகும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் கேள்வித்தாளே பலனைத் தந்துவிட்டதா என்று பார்க்க, பாதிப் பேருக்கு அதைத் தராமல் விடும் நான்கு குழு வடிவத்தை 1949இலேயே சாலமன் என்பவர் வகுத்துவிட்டார். ஆள்கணக்கு இரட்டிப்பாகும் என்று வழிகாட்டிகள் முகம் சுளிப்பார்கள். அது முடியாவிட்டால், இரண்டு குழுவுக்கும் ஒரே தாளை, ஒரே எண்ணிக்கையில், ஒரே மாதிரி ஆட்களைக் கொண்டு கேளுங்கள்.

வேண்டுமென்றே பயன்படுத்தலாமா?

தாராளமாக, ஆனால் கணக்கெடுப்பு முடிந்தபின். பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டவரிடம் "ஏன் போடல?" என்றால் சாக்கு வரும். "நாளைக்கு மாத்திரை எத்தனை மணிக்குப் போடுவீங்க? காலைல காப்பிக்கு முன்னாடியா, டிபன் முடிச்சா?" என்று கேளுங்கள். அவர் வாயால் நேரம் வர வேண்டும், நீங்கள் எடுத்துக் கொடுத்தால் பாதிப் பலன் போச்சு. சொன்ன நேரத்தை மாத்திரை அட்டையின் பின்பக்கம் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் டிபன் டப்பா மூடிமேல் அட்டையை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டு வாருங்கள்.